பாக்கு காய்க்காத பாக்கு மரம்

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவே முடியவில்லை. ஆபீஸில் ஆணி அதிகம், பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்த விஷயம் இது. சரித்திரம் கொஞ்சம், சொந்தக் கதை கொஞ்சம். நீளமான பதிவு, டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். 2016 நவம்பர். டெல்லிவாசிகளுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தீபாவளி அக்டோபர் 30ல் வந்தது. அதற்கடுத்த வாரம் மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எதிர் பிளாக் தெரியவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். மழைக்கு லீவு விட்டுப் பார்த்து வளர்ந்த ஆள் நான். காற்றுக்கு லீவு விட்டதை அப்போதுதான் பார்த்தேன். பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு விசிலடிக்கும். தங்கமணி நெபுலைசர் மாஸ்க்கைக் குழந்தை மூக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் ஹாலுக்கும் ரூமுக்கும் நடப்பேன்.

அந்த வாரத்தில்தான் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. கமல் மீட்டல் என்ற டெல்லித் தொழிலதிபர் 2009ல் டெட் மேடையில் பேசியது. நாலு நிமிடப் பேச்சு. டெல்லிக் காற்று தனக்கு ஒவ்வாமல் போய் நுரையீரலின் திறன் 70 சதவீதமாகக் குறைந்துவிட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள், மூன்றே மூன்று வகைச் செடிகளை வைத்து உட்புறக் காற்றைச் சரிசெய்துகொண்டேன் என்று சொல்லியிருந்தார். பகலுக்கு அரிக்கா பாம், ராத்திரிக்கு மாமியார் நாக்குச் செடி, ரசாயன ஆவிகளுக்கு மணி பிளான்ட். அரிக்கா மட்டும் தலைக்கு நாலு, தோள் உயரத்துக்கு.

எங்கள் வீட்டில் மூன்று தலை. மூன்று நாலு பன்னிரண்டு. அன்று சாயங்காலமே துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு தங்கமணியும் நானும் நர்சரிக்குப் போனோம். பன்னிரண்டு தொட்டிக்கு எங்கள் ஹாலில் இடமில்லை என்பதால் எட்டோடு நிறுத்திக்கொண்டோம். பேரம் பேசும் மனநிலையில் நாங்கள் இல்லை, அது நர்சரிக்காரருக்கும் தெரிந்திருந்தது.

பாப்பா போனில் ஊருக்குச் சொன்னாள். "தாத்தா, அப்பா எட்டு பாம் வாங்கிட்டு வந்திருக்காரு!" எங்கப்பாவுக்கு ஒரு நிமிடம் உயிர் போய் உயிர் வந்தது. அது வெடிக்கிற பாம் இல்லை, அரிக்கா பாம் என்று நான் போனை வாங்கி விளக்கினேன். அப்பாவின் அடுத்த கேள்வி: "அரிக்கான்னா பாக்கு மரமில்ல? அதை எதுக்குடா ஊட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிருக்கே?"

எங்கள் ஊர் வாழப்பாடிப் பக்கம். கமுகுத் தோப்புக்கு நடுவில் வளர்ந்தவர் அப்பா. ஒரு மரத்தில் ஏறிக் குலையை வெட்டிவிட்டு, கீழே இறங்காமல் மரத்தை வளைத்து ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவுகிற ஆட்களை நான் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் பிப்ரவரியில் டெல்லிக்கு வந்தார். ஹாலில் நுழைந்ததும் தொட்டி முன்னால் குனிந்து, மண்ணை விலக்கி, அடித்தூரைப் பார்த்தார். "இது கமுகு இல்ல கண்ணு. கமுகு தூர் கட்டாது. ஒத்தையா நிக்கும். இது நெல்லுப் பயிராட்டம் தூர் கட்டியிருக்கு."

செடியியல் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பனை, தென்னை, கமுகு எல்லாம் ஒற்றைக் குருத்து. குருத்து போனால் மரம் போச்சு. பாம் குடும்பத்தில் தண்டு கிளைப்பது அபூர்வம். ஆனால் சில வகைகளில் அடியிலிருந்து வாழைக் கன்று மாதிரி பக்கக் கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு தண்டு செத்தாலும் தூர் பிழைக்கும். பேரீச்சையில் பக்கக் கன்று பெயர்த்து நடுவது உங்களில் வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும். தொட்டியில் பசுமையாக, அடர்த்தியாக, பல வருடம் நிற்பதற்கு இந்தக் குணம்தான் வேண்டும். வீட்டுக்குள் வளர்க்கும் பாம்களில் பெரிய பெயர் வாங்கியவை பலவும் தூர் கட்டுகிற ஜாதி என்பது தற்செயல் இல்லை.

அப்படியானால் இது என்ன மரம்? எங்கிருந்து வந்தது? நம் பாக்கின் பெயரை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். வருடக்கணக்கில் போய்விட்டது.

பெயரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் நம் சொத்து. வெற்றிலை பாக்கு என்று இன்று சொல்வதை வெற்றிலை அடைக்காய் என்றும் சொன்னவர்கள் நாம். மலையாளத்தில் அடக்க, கன்னடத்தில் அடிகே. மேற்குக் கடற்கரையில் வந்திறங்கிய போர்ச்சுக்கீசியர் வாயில் அந்தச் சொல் அரிக்கா ஆனது. 1753ல் லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தபோது நம் பாக்கு மரத்துக்கு அரிக்கா கட்டெச்சு என்று வைத்தார். கட்டெச்சு என்பது காசுக்கட்டி. அது கருங்காலி இன மரத்திலிருந்து எடுப்பது, பாக்கோடு மெல்லுவது. வாயில் ஒன்றாகப் போனதால் பெயரிலும் ஒன்றாகிவிட்டது!

இன்னொரு சுவாரசியம். லின்னேயஸுக்குக் கையில் கிடைத்த ஆதாரங்களில் ஒன்று, கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீட் தொகுத்து 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ். அதில் இந்த மரம் 'கவுங்கா' என்ற பெயரில் படத்தோடு இருக்கிறது. கவுங்கு, கமுகு. ஆக நம் மரத்தின் இரண்டு பெயர்களும் ஐரோப்பாவுக்குப் போயின, அடைக்காய் மட்டும் ஜெயித்தது.

அந்தப் பெயரைத்தான் பிறகு முகம் தெரியாத ஒரு மரத்தின் முதுகில் ஒட்டினார்கள். எங்கள் ஹாலில் நிற்பதன் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவின் கிழக்குக் கரை. ஆற்றோரம், மணற்பாங்கான நிலம், காடு விலகிய வெட்டவெளி, இவைதான் அதன் இடம். அங்கிருந்து பக்கத்துத் தீவுகளான மொரீஷியஸ், ரீயூனியன் தோட்டங்களுக்கு வந்தது. அங்கே பிரெஞ்சில் அதைப் 'பெருகும் பாம்' என்கிறார்கள், பக்கக் கன்றைப் பார்த்து வைத்த பெயர். (18ஆம் நூற்றாண்டிலேயே பாண்டிச்சேரியிலிருந்து நம் கைவினைஞர்கள் மொரீஷியஸுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் பார்த்துவிட்டு எங்கப்பா மாதிரியே "இது கமுகு இல்ல" என்று சொல்லியிருப்பார்களா என்று எனக்கு ஒரு ஆசை.)

ஐரோப்பிய நர்சரிக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதை 'அரிக்கா லூட்டெசென்ஸ்' என்று விற்றார்கள். லூட்டெசென்ஸ் என்றால் மஞ்சளாகிற. அந்த மஞ்சள் மட்டைக் காம்பை நீங்களும் கவனித்திருப்பீர்கள். ஜெர்மனியில் ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்று ஒருவர். ஹானோவர் நகரத்து ஹெரன்ஹவுசன் தோட்டத்தில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். பாம் விஷயத்தில் அந்தக் காலத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். 1878ல் அவர் இது அரிக்காவே அல்ல என்று தனிப் பேரினமாகப் பிரித்து 'க்ரைசலிடோகார்ப்பஸ்' என்று வைத்தார். பொன்னிறக் காய் என்று பொருள். 1995ல் டிரான்ஸ்ஃபீல்டும் பேன்ட்யேவும் மடகாஸ்கர் பாம்களைப் பற்றிய பெரிய நூலில் இதை 'டிப்சிஸ்' என்ற பேரினத்துக்குள் தள்ளினார்கள். 2022ல் மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு மறுபடியும் க்ரைசலிடோகார்ப்பஸ். நிபுணர்கள் மூன்று தடவை மாற்றியும் நர்சரிக்காரர் கண்டுகொள்ளவில்லை. டெல்லி மாலிக்கும் அரிக்காதான், மயாமி நர்சரிக்கும் அரிக்காதான். நாம் ஊரை விட்டு வந்து ஆதார் அட்டையில் பெயர் தப்பாக அச்சாகி, அதுவே பெயராக நிலைத்த மாதிரி :-)

சரி, செடி எப்படிக் கடல் தாண்டியது? இங்கேதான் கதை எனக்கு வேறு மாதிரி ஆனது.

19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கப்பலில் செடி அனுப்புவது சூதாட்டம். உப்புக் காற்று, குடிக்கவே போதாத தண்ணீர், எலி. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றும் செடிகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் பிழைக்கிறது என்று கான்டனில் இருந்த ஒரு கம்பெனி டாக்டர் 1819ல் கணக்குச் சொன்னார். இதை மாற்றியவர் இன்னொரு டாக்டர். நத்தானியேல் வார்ட், லண்டனின் கிழக்கே துறைமுகத்துப் பக்கம் கிளினிக். அவருக்கு ஃபெர்ன் செடிப் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் பாறை அடுக்கி வளர்த்துப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் எல்லாம் செத்தன. 1829ல் ஒரு விட்டில் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு பாட்டிலில் மூடி வைத்தார். விட்டில் என்ன ஆனதோ, மூடிய பாட்டிலுக்குள் மண்ணிலிருந்து ஒரு ஃபெர்னும் புல்லும் முளைத்தன. வெளியே புகையில் சாகிற செடி, மூடிய கண்ணாடிக்குள் தன் ஈரத்தைத் தானே சுற்றவிட்டுக்கொண்டு உயிரோடிருந்தது.

அதுதான் வார்டியன் பெட்டி. 1833ல் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார், பிழைத்தன. திரும்பி வந்த பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளும் பிழைத்தன. இந்தப் பெட்டியில்தான் பிறகு ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். பாம் கன்றுகள், ஆர்க்கிட், ரப்பர் எல்லாம் இந்தப் பெட்டியில் பயணம் செய்த காலம் அது.

நான் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது ராத்திரி பதினொன்றரை இருக்கும். பக்கத்து ரூமில் நெபுலைசர் ஓடுகிற சத்தம். லண்டன் புகையில் செடி சாகிறதே என்று தவித்த ஒருவர் கண்டுபிடித்த பெட்டி. அது கடலுக்குக் கடல் செடி கடத்தும் பெட்டியாகி, அந்த வியாபாரத்தில் உலகம் சுற்றிய ஒரு மடகாஸ்கர் செடி, டெல்லிப் புகையிலிருந்து எங்களைக் காப்பாற்ற என் ஹாலில் நிற்கிறது! 1842ல் எழுதிய புத்தகத்தில் வார்ட், இதே மாதிரி மூடிய கண்ணாடி அறைகளில் நோயாளிகளை வைத்தால் குணமாகலாமே என்றும் யோசித்திருக்கிறார். மனுஷன் 170 வருடத்துக்கும் முன்னாலேயே எங்கள் வாட்ஸாப் குழுவில் இருந்திருக்கிறார்.

1845ல் இங்கிலாந்தில் கண்ணாடி வரியை எடுத்தார்கள். கண்ணாடி மலிந்தது. கியூ தோட்டத்தில் 1848ல் பாம்களுக்கென்றே இரும்பும் கண்ணாடியுமாக மாளிகை எழுந்தது. நம் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889ல் கல் நாட்டினார்கள். பணக்காரர் வீட்டிலிருந்து நடுத்தர வர்க்கத்துக்கு ஆசை இறங்கியது. ஆனால் லண்டன் ஹாலில் கரி அடுப்பு, காஸ் விளக்கு, தடித்த திரைச்சீலை. பெரும்பாலான செடி ஒரு மாதம் தாங்காது. தாங்கிய பாம்களில் பேர் போனது கென்டியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே லார்ட் ஹோவ் என்ற பொடித் தீவில் மட்டும் விளைவது. அந்தத் தீவு மக்கள் அதன் விதையை விற்றே பிழைத்தார்கள். ஆனால் கென்டியா ஒற்றைத் தண்டு. பார்க்க மொட்டையாக இருக்கும். நர்சரிக்காரர்கள் மூன்று நாலு கன்றுகளை ஒரே தொட்டியில் திணித்துத் தூர் மாதிரி ஜோடித்து விற்றார்கள்.

இந்தத் திருட்டு வேலை இன்றும் உண்டு. நீங்கள் வாங்கும் 'அடர்த்தியான' அரிக்காத் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அது இயற்கையாகத் தூர் கட்டியது மட்டுமல்ல, பத்துப் பதினைந்து விதைக் கன்றுகளை ஒன்றாக நெருக்கி நட்டது. அவை ஒன்றோடொன்று சண்டை போட்டு இரண்டாம் வருடம் பாதி காய்ந்துவிடும். நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று குற்ற உணர்ச்சி வேண்டாம்.

ஆசியாவில் இந்த ஆசைக்கு வேறு பாதையும் இருந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென் சீனத்தைச் சேர்ந்த ரேப்பிஸ் என்ற குட்டைத் தூர் பாமை ஜப்பானியர் பல தலைமுறையாகத் தொட்டியில் வளர்த்தார்கள். கன்னோன்சிக்கு என்று பெயர், கருணையின் போதிசத்துவர் பெயரால். இலையில் கோடு விழுந்த ரகங்களைச் சேகரிப்பது அங்கே ஒரு தனிப் பித்து. மலேசியச் சொந்தங்கள் வீட்டு வாசலில் செக்கச் சிவப்புத் தண்டோடு கொத்தாக நிற்குமே, அது சதுப்பு நிலக் காட்டிலிருந்து வந்தது. மலாயில் பினாங் ராஜா என்பார்கள். பினாங் என்றால் பாக்கு! பினாங்குத் தீவின் பெயரும் அதுதான். அங்கேயும் பாக்கு அல்லாத ஒரு மரத்துக்குப் பாக்கின் பெயர். உலகமே எந்தப் பாமைப் பார்த்தாலும் பாக்கு ஞாபகம்தான் வந்திருக்கிறது போல.

இந்தியாவில் வெளிநாட்டுச் செடிகளுக்கு வாசல் கல்கத்தா. ஹூக்ளிக் கரையில் சிப்பூர்த் தோட்டம் 1787ல் தொடங்கியது. 1820ல் பாதிரியார் வில்லியம் கேரி அக்ரி ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டியை ஆரம்பித்தார். பங்களா வராந்தாவில் தொட்டிச் செடி என்ற வழக்கம் அரசாங்க குவார்ட்டர்ஸுக்கும், அங்கிருந்து நம் பிளாட்டுகளுக்கும் வந்தது. இன்று வட இந்திய நர்சரிகளில் நிற்கும் அரிக்காக்களில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரிப் பக்கம் கடியம் என்ற ஊரிலிருந்து லாரி ஏறி வருபவை. எங்கள் எட்டுத் தொட்டியும் கடியம் சரக்குதான். கோதாவரிக் கரைக் களிமண் உருண்டையோடு வந்து சேர்ந்தன. அவையும் நம்மைப் போல விந்திய மலை தாண்டி வந்தவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

1973ல் ஸ்கைலாப் விண்கலத்துக்குள் காற்றைச் சோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயன ஆவிகள் இருந்தன. அதே சமயம் எண்ணெய் விலை ஏறி, அமெரிக்காவில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கட்டடங்களைக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல். நாசாவில் பில் வால்வர்ட்டன் என்ற விஞ்ஞானி, ஆகாயத்தாமரையை வைத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், காற்றுக்கும் செடியைச் சோதித்தார். 1989ல் அறிக்கை வந்தது. சின்னக் கண்ணாடி போன்ற பெட்டி, உள்ளே ஒரு செடி, அதற்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைட் போன்ற ஆவியைச் செலுத்தி மூடி, ஒரு நாள் கழித்து எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. குறைந்தது.

மூடிய பெட்டிக்குள் செடி. கிட்டத்தட்ட வார்டியன் பெட்டி!

1989ல் சோதித்த முக்கியச் செடிகளில் நம் அரிக்கா இல்லை, அதன் சொந்தக்காரனான மூங்கில் பாம் இருந்தது, அதுவும் தூர் கட்டும் ஜாதி. 1997ல் வால்வர்ட்டன் பொதுமக்களுக்காக ஐம்பது செடிகளை வரிசைப்படுத்திப் புத்தகம் போட்டார். அதில் முதல் மூன்று இடங்கள்: அரிக்கா, ரேப்பிஸ், மூங்கில் பாம். மூன்றும் தூர் கட்டுபவை. காற்று, பராமரிப்பு, பூச்சி எதிர்ப்பு, ஈரம் விடுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த மதிப்பெண் அது. அடர்ந்த இலை, சாகாத தூர், அதனால் மேலே வந்தது. "நாசா சொன்ன நம்பர் ஒன்" என்று நர்சரிக்காரர் சொல்வதன் பூர்வீகம் இவ்வளவுதான்.

கவனிக்க வேண்டிய ஒன்று, அந்த 1989 அறிக்கையே செடியை மட்டும் நம்பச் சொல்லவில்லை. தொட்டி அடியில் கரித்தூள், காற்றை வேர் வழியாக இழுக்க ஒரு சின்ன ஃபேன் என்று ஒரு ஏற்பாட்டைப் படம் போட்டுக் காட்டியிருந்தது. மீட்டல் அவர்களின் நேரு பிளேஸ் கட்டடத்திலும் ஆயிரத்து இருநூறு செடிகளோடு இயந்திர வடிகட்டிகளும் உண்டு. அவர் நல்ல எண்ணத்தில்தான் பேசினார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் செய்தி வாட்ஸாப் வரைக்கும் வரும்போது ஃபேன் கழன்றுவிட்டது, கரி கழன்றுவிட்டது, வடிகட்டி கழன்றுவிட்டது. செடி மட்டும் வந்து சேர்ந்தது.

2019 நவம்பரில் பிலடெல்பியா டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வாரிங் இருவரும் பழைய ஆய்வுகள் பன்னிரண்டை, அதிலிருந்த 196 சோதனைகளை எடுத்து ஒரே அளவுகோலில் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடத்தில் கதவு ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று தானாக மாறுகிறதே, அந்த வேலையைச் செடி செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று வந்தது. எங்கள் ஹாலில் நாங்கள் நிற்கவே இடமிருக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று எனக்கு அதற்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அந்தச் சோதனைகளெல்லாம் ஆவிகளைப் பற்றியவை. நவம்பரில் டெல்லிக் குழந்தைகளின் நெஞ்சை அடைப்பது பெரும்பாலும் நுண்துகள், பி.எம். 2.5, தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு தடிமன். இலையில் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். ஆக்சிஜனோ குறையவே இல்லை, நவம்பரிலும் காற்றில் 21 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. பகலில் ஆக்சிஜன் கொடுக்கும் செடி எங்கள் பிரச்சினைக்கு மருந்தே இல்லை.

எங்களுக்கு இதை உடைத்துச் சொன்னது பாப்பாவின் டாக்டர்தான், 2017 நவம்பரில். அவ்வளவு செடி வாங்கியும் அடுத்த வருடமும் அதே விசில், அதே இரண்டு மணி. செடிகளைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை அவர். "செடி இருக்கட்டும். ஆனால் செடி இருக்கிறது என்று இன்ஹேலரைக் குறைத்தீர்களா?" என்று கேட்டார். குறைத்திருந்தோம். தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். காலையில் இலைகளை ஈரத்துணியால் துடைக்கும் வேலையைப் பாப்பாவுக்கே கொடுத்திருந்தோம், "இதுதான் உன் மருந்து" என்று சொல்லி. துணியில் கறுப்பு ஒட்டும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம். அதை நினைத்தால் இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

அன்றே வடிகட்டி மெஷின் வாங்கினோம், குழந்தை தூங்கும் ரூமுக்கு. தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொன்னபடி வருடம் முழுக்க விடாமல் கொடுத்தோம். நவம்பரில் இரண்டு வாரம் ஊருக்கு அனுப்ப முடிந்த வருடங்களில் அனுப்பினோம். இதைப் படிக்கும் டெல்லி, நொய்டா, குர்காவ் குடும்பங்களுக்கு, டாக்டரைக் கேட்காமல் மருந்தைக் குறைக்காதீர்கள். அரிக்காவை நம்பிக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

செடிகளைத் தூக்கிப் போட்டோமா என்றால் இல்லை. எட்டில் மூன்று பிழைத்திருக்கின்றன. செத்த ஐந்தில் மூன்றை நான்தான் கொன்றேன், ஆர்.ஓ. மெஷினில் கழித்து விடும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று அதற்கு ஊற்றி. அந்தத் தண்ணீரில் உப்பெல்லாம் திரண்டிருக்கும், அரிக்காவுக்கு ஆகவே ஆகாது. ஓலை நுனி முதலில் பழுப்பாகும், பிறகு மண் மேல் வெள்ளை பூக்கும். மற்ற இரண்டு மே மாத உஷ்ணக் காற்றில் சிலந்திப் பூச்சி பிடித்துப் போயின. இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தால் பிழைத்திருக்கும். நேரடி வெயில் வேண்டாம், ஜன்னலோர வெளிச்சம் போதும். ஜனவரிக் குளிரில் பால்கனியில் விடாதீர்கள். தண்டு உயரமாகிவிட்டதே என்று உச்சியை வெட்டாதீர்கள், குருத்து போனால் அந்தத் தண்டு அவ்வளவுதான். நர்சரியில் மீன்வால் பாம் என்று தூர் கட்டும் இன்னொன்று கொடுப்பார்கள், நம் கூந்தற்பனைக்குச் சொந்தம். அதன் பழம் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

உலகத்து ஹால்களிலெல்லாம் நிற்கும் இந்த மரம் மடகாஸ்கர்க் காட்டில் ஆபத்தின் விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் சொல்கிறது. சொந்த ஊரில் குறைந்துகொண்டே, வெளியூரில் பெருகிக்கொண்டே.

போன ஞாயிறு தொட்டி மாற்றினேன் என்றேனே, பெரிய தூர் தொட்டியை விரிசல் விட வைத்துவிட்டது. கவிழ்த்து, மண்ணை உதறி, சமையலறைக் கத்தியால் வேரோடு மூன்றாகப் பிரித்தோம். பாப்பா இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள், கத்தி பிடித்தது அவள்தான். ஒன்று திரும்பத் தொட்டிக்குப் போனது. ஒன்று இரண்டாம் மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் திருச்சிக் குடும்பத்துக்கு. அவர்கள் பையனுக்கு நாலு வயது, நவம்பரைப் பற்றி யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். செடியோடு எங்கள் டாக்டரின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள் தங்கமணி.

மூன்றாவது தூர் பால்கனியில் வாளித் தண்ணீரில் நிற்கிறது. அப்பாவுக்குப் போன் போட்டு, ஊருக்கு எடுத்து வரட்டுமா, கமுகுத் தோப்பு ஓரமாக வைக்கலாமே என்று கேட்டேன். "கொண்டா, வெச்சுப் பாப்போம். ஆனா அந்தப் பேரை மட்டும் இங்க சொல்லாத, ஆளுங்க சிரிப்பாங்க" என்றார்.